ஒரு துளி இரத்தமும் நீலகிரி மலையும்

தெப்பக்காடு என்றதும் நம்மில் பலருக்கு யானை முகாம்தான் ஞாபகம் வரும். மாயாற்றங்கரையில் யானை குளிப்பதைப் பார்த்துவிட்டு, ஊட்டிக்கு பஸ் ஏறிவிடுவோம். ஆனால் அந்தக் காடுகளைச் சுற்றி வாழும் இருளர், பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய ஆதிவாசி மக்களுக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. அதைப் பற்றி இம்மலரில் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சந்தித்தால் இப்போது பேச்சு ஹார்ட்டில்தான் வந்து நிற்கிறது. “அப்பாவுக்கு அட்டாக் வந்துச்சு, எனக்கும் வருமா? அதுக்கு ஏதோ ஜீன் டெஸ்ட் இருக்காமே?” என்று கேட்கிறார்கள். பரம்பரையாக வரும் நோயை ஒரு துளி இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்ற இந்தக் கேள்விக்கு, நம் நாட்டில் முதன்முதலாகப் பதில் கிடைத்த இடங்களுள் ஒன்று நீலகிரி.

கதை சிகாகோவில் தொடங்குகிறது. கிரெனடா தீவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவரின் இரத்தத்தில், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்திருப்பதை 1910-இல் டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் வெளியிட்டார். இதே ஹெரிக்தான் 1912-இல், இதயத் தமனி அடைத்துக்கொண்டால் என்ன நேரும், அதிலிருந்து பிழைக்க முடியுமா என்பதையும் விளக்கினார். இரண்டுக்கும் ஒரே டாக்டர்!

1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர், நோயாளியின் ஹீமோகுளோபினே வேறு மாதிரியானது என்று மின்புலத்தில் ஓடவிட்டுக் காட்டினார்கள். நோய் இல்லாத சிலரிடம் இரண்டு வகையும் கலந்திருந்தன. இவர்களைத்தான் ‘கேரியர்’ என்கிறோம். பின்னர் 1950-களின் பிற்பகுதியில் வெர்னான் இங்கிராம், புரதச் சங்கிலியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் இதற்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். ஒரே ஓர் எழுத்துப் பிழை மாதிரி!

இதற்கிடையில் 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் கூறு இருப்பதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அறிவித்தனர். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்நோயின் வரலாறு இப்படித்தான் தொடங்கியது. அதுவரை இதை ஆப்பிரிக்க வம்சத்தாரின் நோய் என்றே பெரும்பாலும் எண்ணியிருந்தார்கள்.

டெஸ்ட் எளிமையானதுதான். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஆக்சிஜனை எடுத்துவிடும் ரசாயனத்தைச் சேர்த்து மூடிவிடுவார்கள். அரிவாள் ஹீமோகுளோபின் இருந்தால் மைக்ராஸ்கோப்பில் அணுக்கள் வளைவது தெரியும். ஆனால் நோயாளி, கேரியர் இருவருடைய அணுக்களும் வளையும்! யார் எவர் என்று பிரித்துச் சொல்ல மின்புலப் பரிசோதனை போன்ற இன்னொன்று வேண்டும். முதல் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு ஒருவரை நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது.

கேரியர் என்றால் நோயாளி அல்ல. பெரும்பாலும் நம்மைப் போல நடமாடுகிறவர்தான். கணவன், மனைவி இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவர் மட்டும் கேரியராக இருந்து மற்றவர் இரத்தம் இயல்பாக இருந்தால் குழந்தைக்கு இந்த நோய் வராது. கேரியராகப் பிறக்க பாதி வாய்ப்பு உண்டு. நோய் வந்தவர்களுக்கோ மூட்டு வலி, எலும்பு வலி, சோகை. போகப்போக இதயத்துக்கும் பளு கூடும்.

இப்படியொரு கூறு காட்டு மக்களிடம் ஏன் நிலைத்தது? கேரியர்களுக்கு மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று 1954-இல் ஆலிசன் ஆப்பிரிக்காவில் காட்டினார். முதுமலை, வயநாட்டு அடிவாரங்களும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவைதானே! ஆக, அந்த மூதாதையரைக் காப்பாற்றியதே பேரக்குழந்தைகளுக்குச் சுமையாயிற்று. இதை யார் குற்றம் என்பது?

கோத்தகிரியில் 1958-இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூரில் 1990-இல் தொடங்கிய ‘அஸ்வினி’ அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் இம்மக்களிடையே தொடர்ந்து பணியாற்றி வருகின்றன. 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்திய அரசு தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மூன்றாண்டுகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047-க்குள் நோயை ஒழிப்பதும் அதன் இலக்கு. நல்ல காரியம்தான். ஆனால் கையில் அட்டையைக் கொடுத்துவிட்டு அர்த்தத்தைச் சொல்லாமல் போனால், ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுபோகலாம்.

இனி நம் ஹார்ட் கேள்விக்கு வருவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் மற்றும் பலரும் சேர்ந்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதயத் தசைப் புரதத்துக்கான ஜீன் ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறதாம். அதாவது 25 பேர் உட்கார்ந்த வகுப்பில் ஒருவர்! இது தசைநோய், கொழுப்பால் வரும் அடைப்பு வேறு. இந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான்.

அரிவாள் செல்லில் இரண்டு பிரதி சேர்ந்தால் நோய் நிச்சயம். இங்கே ஒரு பிரதி இருந்தாலே ஆபத்து கூடும், ஆனால் நிச்சயமில்லை. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு டெஸ்டில் இரண்டு அர்த்தம்! ஆகவே மாணவச் செல்வங்களே, எந்தப் பரம்பரை டெஸ்ட் எடுத்தாலும் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நான் கேரியரா, நோயாளியா, இல்லை ஆபத்து மட்டும் கூடியவனா? இப்போது என்ன பரிசோதனை, என்ன சிகிச்சை? என் உடன்பிறந்தவர்களும் பார்க்க வேண்டுமா? இம்மூன்றுக்கும் பதில் வாங்காமல் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் போடாதீர்கள்.