43 பல்புகளும் ஒரு சரக்கு ரயிலும்

1956 ஆகஸ்ட் 2, இரவு. அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தில் யேகர் என்ற சின்ன ஊர். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு. வரிசை வரிசையாகக் கார்கள். அருகில் ஒரு திறந்த காரில் தோளோடு தோள் சாய்ந்த ஓர் இளம் ஜோடி. திரையில் ஒரு விமானம். திரையைத் தாண்டி, கார்களுக்குப் பின்புறம், வெள்ளைப் புகையைக் கக்கியபடி ஒரு நீராவி எஞ்சின் சரக்கு வண்டியை இழுத்துக்கொண்டு பாய்கிறது. ஓ. வின்ஸ்டன் லிங்க் எடுத்த ‘ஹாட்ஷாட் ஈஸ்ட்பவுண்ட்’ என்ற இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை, ரயில் பைத்தியங்கள் நான்கு பேர் கூடினால் யாராவது ஒருவர் கண்டிப்பாகப் பேச்சில் இழுத்துவிடுவார்.

இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது. ரயில் ரசிகர்களின் சட்டப்படி பார்த்தால் இது நல்ல ரயில் படமே கிடையாது.

அந்தச் சட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன், நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ரயில் நம்மை நோக்கிச் சற்றுச் சாய்வாக வர வேண்டும். முகமும் தெரிய வேண்டும், ஒரு பக்கமும் முழுசாகத் தெரிய வேண்டும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எஞ்சின் எண் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எஞ்சின் தலையிலிருந்து மின்கம்பம் முளைக்கக் கூடாது. நீராவி எஞ்சின் என்றால் சக்கரங்களை இணைக்கும் தண்டு கீழ்நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தின் ஆரங்கள் மறைக்கப்படாமல் தெரியும். இந்தக் கடைசி விஷயத்துக்காக மட்டும் ஒரு படத்தை ஒதுக்கிவிடும் ஆட்கள் உண்டு. முக்கியமாக, ஆட்கள் குறுக்கே வரக் கூடாது.

அமெரிக்காவில் இந்த வகைப் படத்தைப் பரப்பியவர்களில் லூசியஸ் பீபி முக்கியமானவர். 1930களின் இறுதியிலிருந்து அவர் கொண்டுவந்த புத்தகங்களில் இப்படிப்பட்ட படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். இதைக் கிண்டல் செய்வது சுலபம். நம் மைகாட் படம் மாதிரிதான்: முகம் தெரியணும், காது தெரியணும், சிரிக்கக் கூடாது. ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. அன்றைய பிலிம்களுக்கு நிறைய வெளிச்சம் தேவை. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் ரயில், நூறில் ஒரு விநாடிக்குள் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வெயில் முதுகில் இல்லாவிட்டால் கையில் மிஞ்சுவது கலங்கல்தான். அதோடு நீராவி எஞ்சின் என்பது கறுப்பு இரும்பு. விழும் வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

லிங்க் இந்தப் பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். 1914இல் புரூக்ளினில் பிறந்தவர், படித்தது சிவில் இஞ்சினியரிங். வேலை பார்த்ததோ விளம்பரப் புகைப்படத் துறையில். (சம்பந்தமில்லாத வேலைக்குப் போன பட்டதாரிகளுக்கு ஓர் ஆறுதல்.) 1955 ஜனவரியில் குளிரூட்டிகளைப் படமெடுக்க வெர்ஜீனியாவின் ஸ்டான்டன் ஊருக்குப் போனவர், பக்கத்திலேயே வேய்ன்ஸ்பரோவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியின் ரயில்களைப் பார்க்கப் போகிறார். அமெரிக்காவின் பெரிய ரயில் கம்பெனிகளில் இன்னும் முழுக்க முழுக்க நீராவியை நம்பி ஓடிக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனி அது. அதன் முக்கியச் சரக்கே நிலக்கரிதான். பிறகு டீசலை எதற்கு வாங்குவது? 1953 வரை ரோனோக் நகரத்துப் பட்டறையில் தானே எஞ்சின்களைக் கட்டிக்கொண்டிருந்தது. 1955இல் அந்தக் கம்பெனியும் டீசலுக்கு மாற முடிவெடுத்தது.

அடுத்த ஐந்து வருஷங்களில் லிங்க் சொந்தச் செலவில் சுமார் இருபது முறை அங்கே போய்வந்தார். சுமார் 2,400 நெகட்டிவ்கள். கம்பெனித் தலைவர் ஆர். எச். ஸ்மித் அனுமதி கொடுத்திருந்ததால் ரயில்வே ஊழியர்கள் ஒத்துழைத்தார்கள்.

பெரும்பாலும் இரவில்தான் எடுத்தார். ரயில் ரசிகனுக்கு இரவு என்றால் கேமராவை உறையில் போடும் நேரம். லிங்க் கணக்கு வேறு. சூரியன் எங்கே நிற்கும் என்று நாம் முடிவு செய்ய முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது. இருட்டில் மட்டும் வெளிச்சம் முழுக்க நம் கையில். கம்பம், குப்பை, வேண்டாத கட்டடம் எல்லாவற்றையும் இருட்டே மறைத்துவிடும். பகலில் அழுக்காகத் தெரியும் புகை, கறுப்பு வானத்துக்கு முன்னால் வெள்ளை மலைபோல எழும்பும்.

சொல்ல எளிது. வெளிச்சம், தூரத்தின் இருமடியில் குறையும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கால்பங்குதான் மிஞ்சும். பக்கத்தில் உள்ள காருக்கும் தூரத்தில் ஓடும் ரயிலுக்கும் ஒரே விளக்கு போதாது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் பல்பு வைக்க வேண்டும். யேகர் படத்துக்கு 43 பல்புகள். அன்றைய பிளாஷ் பல்பு ஒரு தடவை எரிந்தால் அவ்வளவுதான், தூக்கிப்போட வேண்டும். ரயிலும் திரும்பி வராது.

மின்னியல் படித்த எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர் வயரிங்தான். பல்புகளை இணைச்சுற்றில் கட்டினால், ஒன்று எரியாவிட்டாலும் மற்றவை எரியும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எது எரியவில்லை என்பது பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். லிங்க் தொடர்சுற்றில் கட்டினார். எங்கேயாவது ஒரு கம்பி அறுந்தால் ஒன்றுகூட எரியாது. அதனால்தான், ரயில் வருவதற்கு முன்பே சுற்று முழுசாக இருக்கிறதா என்று சோதித்துவிட முடியும். அத்தனை பல்புகளையும் ஒரே நொடியில் வெடிக்க வைக்கும் மின்கருவியையும் அவரே செய்துகொண்டார்.

சரி, அந்தத் திரையில் தெரியும் விமானம்? அது பிறகு சேர்த்தது. அத்தனை பல்புகளும் சேர்ந்து எரிந்ததில் திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. விமானத்தை வேறொரு நெகட்டிவிலிருந்து கொண்டுவந்து வைத்தார். ஜோடி உட்கார்ந்திருக்கும் கார்கூட லிங்கினுடையதுதான்.

இங்கேதான் ரசிகர்களுக்குள் சண்டை ஆரம்பிக்கும். ரயில் புகைப்படம் என்பது சான்று. இந்த எஞ்சின், இந்த நாள், இந்த ஊர் என்று கையெழுத்துப் போட்ட சாட்சி. அதில் நாடகம் போடலாமா? இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் லிங்க் எஞ்சினைப் பொய்யாகச் சேர்க்கவில்லை. ரயில் உண்மை, அதன் எண் 1242 உண்மை, தண்டவாளத்தை ஒட்டியே அந்த ஊர் மக்கள் வாழ்ந்தார்கள் என்பதும் உண்மை. பீபி வகைப் படத்தில் ரயிலைப் பற்றிய தகவல் எல்லாம் இருக்கும். அந்த ரயில் யார் வீட்டுப் பக்கம் போனது என்பது மட்டும் இருக்காது.

லிதியா என்ற ஊரில் எடுத்த படத்தில் ஒரு வீட்டின் வரவேற்பறை. நாற்காலியில் ஒரு பெண். சன்னலில் ஒரு சிறுவன் கையசைக்கிறான். வெளியே ரயில். கிரீன் கோவ் நிலையத்தில் பகலில் எடுத்த இன்னொன்றில், வண்டியில் பூட்டிய குதிரை ஒன்று, ரயில் வந்து சேரும் நேரத்தில் தலையைத் தாழ்த்தி நிற்கிறது. சட்டப்படி எடுப்பவன் அந்தக் குதிரையை வெட்டியிருப்பான். நானாக இருந்தால் நிச்சயம் வெட்டியிருப்பேன்.

1960 மே மாதம் அந்தக் கம்பெனியில் நீராவி ஓய்ந்தது. 1980களில்தான் இந்தப் படங்கள் அருங்காட்சியகங்களுக்குள் நுழைந்தன. 2001இல் லிங்க் இறந்தார். 2004இல் ரோனோக்கின் பழைய ரயில் நிலையத்திலேயே அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். ‘அக்டோபர் ஸ்கை’ படத்தில் நீராவி எஞ்சின் ஓட்டுநராக ஒரு காட்சியில் வந்துபோகும் கிழவர் அவர்தான்.

இதையெல்லாம் படித்த பிறகு மலாயா ரயில்வேயின் பழைய படங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் பாதை திறந்ததிலிருந்து, தண்டவாளம் போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் பெரும் பகுதி தமிழர்கள். செந்தூல் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் இருந்தவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் தாத்தாவும் தண்டவாள கேங்கில் இருந்தவர், மண்டோருக்கு அடுத்த ஆள் என்று பாட்டி பெருமையாகச் சொல்வார். ஆனால் நான் பார்த்த ரசிகர் படங்களில் எஞ்சின்கள் பளிச்சென்று நிற்கின்றன. சிலவற்றில் ஓரமாக, சம்மட்டியோடு ஒதுங்கி நிற்கும் இரண்டு மூன்று பேர் தெரிகிறார்கள். ரயிலுக்கு வழிவிட்டு நிற்கிறார்களா, படமெடுப்பவருக்கு வழிவிட்டு நிற்கிறார்களா என்று சொல்ல முடியவில்லை. கீழே குறிப்பில் எஞ்சின் வகை, எண், ஊர், வருஷம் எல்லாம் இருக்கிறது.

கிரீன் கோவ் படத்தின் தலைப்பில் அந்தக் குதிரையின் பெயர் இருக்கிறது: மாட். தாத்தா காலத்துப் படங்களை இப்போது பெரிதாக்கி, ஓரங்களிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். பாட்டிக்கு இன்னும் ஆட்களை அடையாளம் தெரிகிறது. இதுவரை இரண்டு பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.