பொதுநில வேட்டையில் எல்லையறிதல் (அமெரிக்க மேற்கு)

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேட்டை உரிமம் எடுத்தவர், கூட்டரசின் பொதுநிலத்தில் பெரும்பாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வேட்டையாடலாம். நாடு முழுவதும் நில மேலாண்மைத் துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கரும் வனத்துறையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கரும் உள்ளன. ஆனால் இந்த நிலம் தனியார் பண்ணைகளோடு பின்னிக் கிடக்கிறது. பல இடங்களில் வேலியே இல்லை. இருக்கும் வேலியும் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது என்று நம்ப முடியாது. மாடுகளை மறிக்க, நிலம் வாகாக இருந்த பக்கம் போட்டதாக இருக்கலாம்.

சிக்கலின் வேர் ரயில் பாதையில் இருக்கிறது. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, 6 மைல் பக்கமுள்ள சதுரங்களாக நிலம் அளக்கப்பட்டது; ஒவ்வொன்றிலும் 36 செக்‌ஷன்கள், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். 1862இன் பசிபிக் ரயில்வே சட்டம், பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை எண் கொண்ட செக்‌ஷன்களை ரயில் நிறுவனங்களுக்குக் கொடுத்து, இரட்டைப்படை செக்‌ஷன்களை அரசிடமே வைத்தது. ரயில் நிறுவனங்கள் பெற்றவற்றில் பல பின்னாளில் பண்ணைக்காரர்கள் கைக்குப் போயின. வயோமிங்கின் தென்பகுதி இன்றும் சதுரங்கப் பலகைபோலத்தான் இருக்கிறது. அங்கே ஒரு பொதுச் சதுரம் அடுத்த பொதுச் சதுரத்தை மூலையில் மட்டும் தொடுகிறது. அந்த மூலை வெறும் புள்ளி. அகலம் என்று எதுவும் கிடையாது.

அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் வேட்டைக்காரரின் முதல் வேலை. கைபேசிச் செயலி எல்லைக்கோட்டைப் பளிச்சென்று காட்டும். ஆனால் திறந்த வெளியிலேயே கைபேசியின் இருப்பிடம் சுமார் 5 மீட்டர் பிசகலாம். செயலியின் கோடுகளும் பெரும்பாலும் வரிப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. எனவே செயலி மூலையருகே கொண்டுபோய் விடும், அவ்வளவே. மீதியைக் கண்ணால் தேட வேண்டும். புதர் விலக்கிப் பார்த்தால், மண்ணில் நட்ட இரும்புக் குழாயின் தலையில் உள்ளங்கையளவு பித்தளைத் தகடு தெரியலாம். செக்‌ஷன் எண்களும் அளந்த ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பெயர்ப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம்.

எல்லை அடையாளங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸாஸில் மரத்தில் செங்குத்தாக இழுத்த ஊதா வண்ணக் கோடு ‘உள்ளே வராதே’ என்று பொருள்படும். மொன்டானாவில் அந்த வேலையை ஆரஞ்சு வண்ணம் செய்கிறது. ஆனால் அங்கே தனியார் நிலத்தில் எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும், வேட்டைக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

அகலமற்ற அந்தப் புள்ளி வழியே ஒரு பொதுச் சதுரத்திலிருந்து அடுத்ததற்குப் போவது, அதாவது மூலை தாண்டுவது, குற்றமா என்ற கேள்வி வயோமிங்கின் எல்க் மலையில் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஒரு மூலையில் பண்ணைத் தரப்பு இரண்டு கம்பங்கள் நட்டு, இடையே சங்கிலி மாட்டியிருந்தது. அது வேலியின் பகுதியல்ல. ஒரு பொதுநிலத்திலிருந்து அடுத்ததற்குப் போவதை மறிப்பதே அதன் பயன். 2021இல் மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் அதன்மேல் இரும்பு ஏணியைக் கவிழ்த்த ‘வி’ வடிவில் நிறுத்தி, தனியார் மண்ணை மிதிக்காமல் ஏறி இறங்கினார்கள். அத்துமீறல் வழக்கில் 2022இல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணை உரிமையாளர் தொடுத்த உரிமையியல் வழக்கிலும் 2023இல் அவர்களே வென்றனர். பொதுநிலத்தை வளைத்து அடைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்வைத்து, 10ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பு நியாயமானது; நூறாண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த வழியை அது திறந்தது. ஆயினும் அது கட்டுப்படுத்துவது வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களை மட்டுமே. மொன்டானா வேறு மேல்முறையீட்டு வட்டத்தைச் சேர்ந்தது. மூலை தாண்டுவது சட்டவிரோதம் என்றே அதன் வனவிலங்குத் துறை சொல்கிறது. அங்கே ஏணியோடு போகிறவர் வழக்கையும் எதிர்பார்த்தே போக வேண்டும்.