பனிச் சறுக்கு வண்டியும் பயின்ற உடலும்



பாக்கு மட்டை வண்டி நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதியதல்ல. ஒருவர் மட்டையில் உட்கார, மற்றவர் இழுத்துக்கொண்டு ஓடுவார். சடாரென்று திரும்பினால் உட்கார்ந்தவர் உருண்டு விடுவார். நேரே போகத் துடிக்கும் உடலை வளைத்துத் திருப்ப ஒரு விசை வேண்டும். வேகம் கூடக் கூட அவ்விசையும் கூடும்.

இதே விளையாட்டுத்தான் பனி நாடுகளில் ‘லூஜ்’ எனும் போட்டியாக வளர்ந்தது. 1883-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் முதல் அனைத்துலகப் பந்தயம் நடைபெற்றது. 1964-இல் அது ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. வீரர் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பனிப் பாதையில் இறங்குகிறார். வண்டிக்குப் பிரேக் கிடையாது!

“சும்மா படுத்துக்கிட்டுத்தானே போறான் சார், இதுக்கு எதுக்குப் பலம்?” என்று பையன்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் தரையில் நிற்கையில் உணரும் எடையை ஒரு ‘ஜி’ என்பர். லூஜ் வளைவுகளில் இது 5 ‘ஜி’ வரை ஏறும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து 6 கிலோ என்றால், அந்நேரம் கழுத்து தாங்குவது 30 கிலோ. அதாவது பத்துக் கிலோ அரிசிப் பை மூன்று! படுத்திருப்பதால் இரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வருவது குறைவு. ஆனால் கழுத்தும் தோளும் வயிறும் தளர்ந்தால் தலை சாய்ந்துவிடும். வண்டி தடம் மாறும்.

மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று அறிய, அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டாப் 1954 டிசம்பர் 10-இல் ராக்கெட் வண்டியில் தம்மையே கட்டிக்கொண்டார். மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 1.4 விநாடியில் நின்றபோது அவர் தாங்கியது 46.2 ‘ஜி’. கண்கள் சற்று நேரம் பார்வை இழந்தாலும் உயிர் பிழைத்தார்.

இனி, நம் தாய்மண்ணான இந்தியாவுக்கு வருவோம். இமயமலை மணாலியில் 1981-இல் பிறந்தவர் சிவ கேசவன். தந்தை கேரளத்தவர், தாயார் இத்தாலியர். லூஜ் பனிப் பாதை இல்லாத நாட்டில், வண்டிக்குச் சக்கரம் பூட்டி, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே மலைச் சாலையில் பயின்றார். 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் இறங்கியபோது அவருக்கு வயது 16. 2018 வரை ஆறு ஒலிம்பிக்! 2014-இல் ரஷ்யாவின் சோச்சியில் பயிற்சியின்போது ஓடும் வண்டியிலிருந்து விழுந்தவர், சறுக்கிக்கொண்டே மீண்டும் அதில் ஏறிப் படுத்தார். அது அதிர்ஷ்டமா? இல்லை, ஆண்டுக்கணக்கில் பயின்ற உடல் அது. 2020-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது.

மலாக்காவில் பனியும் இல்லை, மலைச் சாலையும் இல்லை. எனினும் உடல் இருக்கிறது. காண்டா வாளியில் பால் சுமந்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு வேலையே பயிற்சியாக இருந்தது. ஜாசின், அலோர் காஜா தாமான்களில் வளரும் பிள்ளைகளுக்கு அது ஏது? சோதனை நெருங்கினால் முதலில் வெட்டுப்படுவதும் உடற்கல்விப் பாடந்தான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். புத்தகத்தோடு சேர்த்து மாலையில் பிள்ளைகளைத் திடலுக்கும் அனுப்புங்கள், பெற்றோர்களே!