ரோபோடெட்: 26-ஆல் வகுத்த கடன்

இந்தக் குறிப்பு ஒரு வகுத்தல் கணக்கைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் ஒரு அரசுத்துறை, மக்களின் வருடச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தது. அந்த ஒரு வகுத்தலால் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தலையில் சட்டத்துக்குப் புறம்பான கடன் வந்து விழுந்தது. ரோபோடெட் என்பது அதற்கு மக்கள் வைத்த பெயர்.

கொஞ்ச நாளாக வார இறுதிகளில் இது பற்றிய ராயல் கமிஷன் அறிக்கையைப் படிச்சிட்டிருக்கேன். 'அல்காரிதம் செய்த தப்பு' என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். படிக்கப் படிக்க வேறொரு கேள்வி வந்தது. கணக்கு தப்பு என்று முதலிலேயே சொன்னவர்கள் இருந்தார்கள். எதிர்த்துப் போனவர்களில் பலர் ஜெயிக்கவும் செய்தார்கள். அப்புறம் எப்படி இது நாலு வருஷத்துக்கு மேல் ஓடியது?

முதலில் பின்னணி. ஆஸ்திரேலியாவில் வேலையில்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் உதவித்தொகை கொடுக்கும் அமைப்பு சென்டர்லிங்க். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு சம்பாதித்தோம் என்று அப்போது நாமே தெரிவிக்க வேண்டியிருந்தது. அதைப் பொறுத்து உதவித்தொகை குறையும். இன்னொரு பக்கம் வருமான வரி அலுவலகத்திடம் வருடச் சம்பளம் இருக்கும். இரண்டு டேட்டாவையும் ஒப்பிடுவது புதுசு இல்லை. 1990-லேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. பொருந்தவில்லை என்றால் ஒரு ஊழியர் ஃபைலை எடுத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் முதலாளியிடம் கேட்பார். இப்படி வருஷத்துக்குச் சுமார் 20,000 ஃபைல்கள்.

2015-ல் இந்த வேலையைத் தானியங்கி ஆக்கத் தொடங்கினார்கள். 2016-ன் இரண்டாம் பாதியில் முழு வேகம் எடுத்தது. வருஷத்துக்கு 20,000 என்று இருந்தது வாரத்துக்கு 20,000 ஆனது. நடுவில் இருந்த ஊழியரை எடுத்தாச்சு, முதலாளியிடம் கேட்பதையும் எடுத்தாச்சு. சம்பந்தப்பட்டவருக்கு ஒரு கடிதம் போகும்: ஆன்லைனில் வந்து வருமானத்தைச் சரிபாருங்கள். அவர் பதில் போடாவிட்டாலோ, பழைய பே ஸ்லிப் கிடைக்காவிட்டாலோ, சிஸ்டம் வருடச் சம்பளத்தைப் பிரித்து எல்லா இருவாரங்களிலும் சமமாகப் பரப்பிவிடும்.

இதில் என்ன தப்பு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள் கற்பனை, விதி 2016-ல் வேலையில்லாதவர்களுக்கு இருந்த நிஜ விதி (சில சின்னச் சலுகைகளை விட்டுவிடுகிறேன்).

ஒருவர் முதல் 13 இருவாரங்கள் வேலையில்லாமல் இருக்கிறார். வருமானம் பூஜ்யம் என்று உண்மையைச் சொல்லி முழு உதவித்தொகை வாங்குகிறார். அப்புறம் வேலை கிடைக்கிறது. அடுத்த 13 இருவாரங்களும் தலா 1,500 டாலர் சம்பளம், உதவித்தொகை வாங்கவே இல்லை. ஒரு பைசா தப்பு செய்யாத ஆள்.

வருடச் சம்பளம் 19,500 டாலர். 26-ஆல் வகுத்தால் 750. இப்போது சிஸ்டத்தின் பார்வையில், வேலையில்லாத நாட்களிலும் இவர் இருவாரத்துக்கு 750 டாலர் சம்பாதித்துவிட்டு மறைத்திருக்கிறார். விதிப்படி முதல் 104 டாலருக்குக் கழிவு இல்லை. 104-லிருந்து 254 வரை பாதி கழியும், அது 75 டாலர். அதற்கு மேல் இருக்கும் 496 டாலரில் டாலருக்கு 60 சென்ட், அது 297.60. மொத்தம் 372.60. பதின்மூன்றால் பெருக்கினால் 4,843.80 டாலர் கடன். அதன் மேல் பத்து சதவீதம் வசூல் அபராதமும் போடலாம். 5,328.18 டாலர்!

சராசரி ஆழம் மூணடி என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கதைதான். வருஷம் முழுக்க ஒரே சம்பளம் வாங்குபவருக்கு இந்த வகுத்தல் சரியாக வரும். ஆனால் வேலை வந்து வந்து போகிறவர்கள்தானே உதவித்தொகை வாங்குவார்கள்? யாருக்குப் பொருந்தாதோ அவர்கள்மீதே இந்த ஃபார்முலாவைப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கோளாறும் உண்டு. கடையின் பெயர் ஒன்றாக இருக்கும், வரி அலுவலகத்தில் பதிவான கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே இடம் என்று புரியும். சிஸ்டம் இரண்டு வேலை என்று எடுத்துக்கொண்டு, ஒரே சம்பளத்தை இரண்டு தடவை எண்ணிய கேஸ்களும் இருந்தன.

சரி, கடிதம் கிடைத்தவர் எப்படி மறுப்பது? மறுபரிசீலனை கேட்கலாம், அதன் பிறகு துறைக்குள்ளேயே மேல் அதிகாரி பார்ப்பார், அடுத்து அப்போது இருந்த நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கடைசியாக ஃபெடரல் நீதிமன்றம். காகிதத்தில் நல்ல ஏணி. நடைமுறையில், 2010-11 வரைக்கும் பின்னோக்கிப் போய் பே ஸ்லிப் கேட்டார்கள். அந்த ஹோட்டலே மூடியிருக்கும். ஆரம்பக் கடிதங்களில் இதற்கான பிரத்யேக உதவி எண் போடப்படவில்லை என்று ஆம்புட்ஸ்மன் 2017 ஏப்ரலில் எழுதினார். பழைய விலாசத்துக்குப் போன கடிதங்கள் ஏராளம். சிலருக்குக் கடன் இருப்பது தெரியவந்ததே வசூல் ஏஜென்சி போன் செய்தபோதுதான்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்த இடம். 'நீ அதிகமாக வாங்கினாய்' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கணும். ரோபோடெட் அதைத் தலைகீழாக்கியது. 'நீ வாங்கவில்லை என்று நீயே நிரூபி, இல்லாவிட்டால் என் சராசரிதான் உண்மை' என்று ஆனது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. சிட்னி பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டெர்ரி கார்னி, அந்தத் தீர்ப்பாயத்தில் நீண்டகால உறுப்பினராக இருந்தவர். 2017 மார்ச்சிலேயே, சராசரியை மட்டும் வைத்துக் கடன் இருப்பதாகச் சொல்ல முடியாது என்று தீர்ப்பு எழுதினார். அதே ஆண்டில் அதே போல இன்னும் சில தீர்ப்புகள். துறை என்ன செய்தது? மேல்முறையீடு செய்யவில்லை. முதல் நிலைத் தீர்ப்பாயத்தின் முடிவுகள் அப்போது பொதுவில் வெளியாகவில்லை. அந்த ஒரு ஆளின் கடன் போகும், மற்ற எல்லோருக்கும் கடிதம் போய்க்கொண்டே இருக்கும். 2017 செப்டம்பரில் கார்னியின் பதவிக்காலம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை.

ஃபெடரல் நீதிமன்றத்திலும் இதே கதை. 2019-ல் விக்டோரியா சட்ட உதவி அமைப்பின் துணையோடு ஒரு பெண் வழக்குப் போட்டார். விசாரணைக்கு முன்பே கடன் மறு கணக்கில் பூஜ்யமானது. கடனே இல்லை, அப்புறம் வழக்கு எதற்கு? இரண்டாவதாக இன்னொரு பெண் வந்தார். அவருடைய வரி ரீஃபண்டிலிருந்து 1,700 டாலருக்குமேல் பிடித்திருந்தார்கள். அவருக்கும் பணம் திரும்பி வந்தது. ஆனால் பிடித்து வைத்திருந்த காலத்துக்கு வட்டி என்ற கோரிக்கை மிச்சமிருந்தது. நூறு டாலர்கூட வராத தொகைதான். அந்த வழக்கு நின்றது. 2019 நவம்பர் 27-ம் தேதி, அந்தக் கடன் சட்டப்படி செல்லாது என்று அரசே ஒப்புக்கொள்ள, நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே அரசின் சொலிசிட்டர் ஜெனரல் இதையேதான் சொல்லியிருந்தார். 2014 கடைசியில், திட்டம் வருவதற்கு முன்பே, சமூக சேவைத் துறையின் சொந்த வழக்கறிஞர்களும் இதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்!

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2020 மே மாதம் 4.7 லட்சம் கடன்களுக்கு 72.1 கோடி டாலர் திருப்பித் தருவதாக அறிவிப்பு. 2021 ஜூனில் கூட்டு வழக்கின் சமரசத்தை ஏற்றபோது நீதிபதி பெர்னார்ட் மர்ஃபி கணக்கைச் சொன்னார்: சுமார் 4,33,000 பேர்மீது சுமார் 176 கோடி டாலர் கடன் சட்டவிரோதமாகச் சுமத்தப்பட்டது. அந்தச் சமரசத்தில் நஷ்டஈடு 11.2 கோடி டாலர். 2025 செப்டம்பரில் மேலும் 47.5 கோடி டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் 2023 ஜூலை 7-ல் 57 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. அதன் முன் சாட்சி சொன்னவர்களில், கடன் கடிதங்களுக்குப் பிறகு தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் தாய்மார்களும் இருந்தார்கள். அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு கஸ்டமர் 'பில் தப்பு' என்று டிக்கெட் போடுவார். அவருடைய ரெக்கார்டை மட்டும் டேட்டாபேஸில் திருத்திவிட்டு டிக்கெட்டை மூடுவோம். கோடில் இருக்கும் பிழை அப்படியே இருக்கும். பல வருஷம் முன்பு நானே இப்படிச் செய்திருக்கிறேன், அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். புகார் போடாத மற்ற கஸ்டமர்களுக்கு என்ன ஆனது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. ரோபோடெட்டில் ஒவ்வொரு மறுப்பும் இப்படித்தான் மூடப்பட்டது. எதிர்த்தவருக்கு மட்டும் திருத்தம். பயந்து கட்டியவர், கடிதத்தையே பார்க்காதவர், ஆங்கிலம் சரியாக வராதவர் கணக்கில் வரவே இல்லை. பிழை ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் கம்ப்யூட்டர் இல்லை. தோற்ற வழக்குகளை யாரும் ஒரே இடத்தில் அடுக்கிப் பார்க்காமல் இருந்ததுதான்.

எந்த அலுவலகத்திலிருந்தாவது 'அதிகமாக வாங்கிவிட்டீர்கள்' என்று உங்களுக்கு ஒரு கடிதம் வந்தால் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்க. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? அந்த வருமானம் எங்கிருந்து வந்த டேட்டா? கணக்கின் ஒவ்வொரு வரியையும் காட்ட முடியுமா? பதில் வந்து உங்கள் கடன் ரத்தானால், இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்: இதே கணக்கை வேறு எத்தனை பேருக்குப் போட்டீர்கள்?