சங்கு (டர்பினெல்லா பைரம்): பெயரும் வகைப்பாடும்

சங்கு, பால்சங்கு: மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, இலங்கைக் கடல் ஆகியவற்றின் மணல் தரையில் புழு தின்று வாழும் கடல் நத்தை. கடலிலிருந்து எடுக்கும்போது மேலே பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டினால்தான் கோயிலில் காணும் வெள்ளை தெரியும். கடல் இல்லாத மதுரைக்கும் இதனோடு பழைய உறவு உண்டு. நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவிலுள்ள கீழடியில் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. மதுரைச் சங்கப் புலவர் நக்கீரர் சங்கறுக்கும் குலத்தவர் என்பது திருவிளையாடல் கதை கேட்டவர் எல்லாரும் அறிந்தது.

தமிழ் மரபின் வகைப்பாடு தனி. ஆயிரம் இப்பி சூழ ஓர் இடம்புரி, ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரி, அதற்கு மேல் சலஞ்சலம், உச்சியில் திருமால் கையிலுள்ள பாஞ்சசன்னியம் என்று படிகள் ஏறும். உடலமைப்பை அல்ல, கிடைக்கும் அருமையையே இது அளவுகோலாகக் கொண்டது. விலங்கியலின்படி இப்பி வேறு வகுப்பு. இடம்புரியும் வலம்புரியும் ஒரே இனம். வலம்புரி, சுருள் மாறி மிக அரிதாகப் பிறப்பது. அதை விலங்கியலார் இடச்சுருள் என்பர். அவர்கள் கூர்முனை மேலிருக்க ஓட்டைப் பார்க்கிறார்கள். நம்மவர் அந்த முனையை வாயில் வைத்து ஊதுபவர்கள், ஆகவே தலைகீழாகப் பார்க்கிறார்கள். ஊதும் பொருளுக்கு ஊதுபவர் வழக்கே பொருத்தம்.

சங்கின் வாய்க்குள் விரல் விட்டால் நடுத்தண்டில் மூன்று நான்கு வரம்புகள் தட்டுப்படும். வரம்புள்ள ஓடுகளை எல்லாம் வொலூட்டா என்ற ஒரே பேரினத்தில் அடைத்த லின்னேயஸ், 1767-இல் இதற்கு வொலூட்டா பைரம் என்று பெயரிட்டார். பைரம் என்றால் பேரிக்காய். ஓட்டின் வடிவம் அப்படி. 1798-இல் ரோடிங் என்பவர், ஹாம்பர்க் மருத்துவர் போல்ட்டனின் சேகரிப்புக்கு எழுதிய பட்டியலில் இதைத் தனிப் பேரினமாக்கிச் சாங்கஸ் என்றார். நம் சங்குதான் லத்தீன் உடுத்திச் சாங்கஸ் ஆனது. அடுத்த ஆண்டே லமார்க் டர்பினெல்லா என்ற பெயரைத் தந்தார். ரோடிங்கின் பட்டியல் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்ததால் லமார்க்கின் பெயரே ஊன்றியது. மதராஸ் மீன்வளத்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் வெளியிட்ட விரிவான நூலிலும் டர்பினெல்லாதான். கூர்முனையின் வடிவத்தை வைத்து அவர் உள்வகைகள் பிரித்தார். மன்னார் வளைகுடாச் சங்கை ஜாதி என்றும் பாக் நீரிணைச் சங்கைப் பட்டி என்றும் குளியாட்கள் முன்பே பிரித்துத்தான் வைத்திருந்தார்கள்.

முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி இருபதாம் நூற்றாண்டில் சாங்கஸ் திரும்பி வந்தது. மண்டபம் கடல் மீன் ஆய்வாளர்களின் கட்டுரைகளிலும் இடம்பிடித்தது. விலங்குப் பெயரிடல் பன்னாட்டு ஆணையம் 1957-இல் சிறப்பதிகாரத்தால் அதை விலக்கி டர்பினெல்லாவை நிலைநிறுத்தியது. அதன் பின்னும் இங்குள்ளோர் சில காலம் பழைய பெயரையே எழுதினர். தமிழ் ஒலிக்கும் பெயர் ஒன்று போனதில் இழப்பு நமக்கே.



மெக்சிகோ வளைகுடாப் பகுதியில் இயல்பாகவே இடச்சுருளாக வளரும் வேறொரு நத்தையின் ஓடும் பூசைப் பொருள் சந்தையில் வலம்புரி என்று விற்கப்படுகிறது. வாங்குவோர் வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கலாம்: நடுத்தண்டில் வரம்புகள் இல்லையென்றால் அது சங்கே அன்று.