எல்லைக் கோடும் சட்ட நூலகமும்

பிச்சாட்டூர்ப் பக்கம் பூர்வீக நிலம் உள்ளவர்கள் தாத்தா காலத்து வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பை எங்கே தேடுவது? "ஆந்திராவிலதானே?" என்பார்கள். அது பாதி விடைதான்.

இன்று அவ்வூர் 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. முன்பு அந்த வட்டாரம் முழுதும் சென்னை மாகாணம். 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றமே மேல் கோர்ட்டு. ஆந்திர உயர் நீதிமன்றம் 1954 ஜூலை 5இல் குண்டூரில் பிறந்து, 1956இல் ஐதராபாத் சென்றது. 2019 முதல் அமராவதியில் இயங்குகிறது. இடையே 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் கைமாறின.

கோர்ட்டு மாறினாலும் பழைய தீர்ப்பு செத்துப்போகவில்லை. 1954 ஜூலை 5க்கு முந்தைய சென்னைத் தீர்ப்புகள் தன்னையும் கட்டுப்படுத்தும் என்று சுப்பராயுடு வழக்கில் ஆந்திர முழு அமர்வு கூறிவிட்டது. அதனால் 1891 முதல் வெளிவந்த மெட்ராஸ் லா ஜர்னல் போன்ற தொகுதிகளை ஆந்திர நூலகர்களும் கைவிட முடியவில்லை.

பின்பு கணினி வந்தது. 2008இல் இந்தியன் கானூன், 2023இல் உச்ச நீதிமன்றத்தின் இலவச இ-எஸ்சிஆர். புரட்டித் தேடிய காலம் போய், தட்டித் தேடும் காலம். ஆனால் அந்தத் தேதியில் அந்த ஊர் எந்தக் கோர்ட்டின் கீழ் இருந்தது என்று முதலில் கேட்பவர் நூலகர்தான். அது தெரியாமல் தேடினால் கணினி கைகொடுக்காது.

ஆகவே, வீட்டுப் பழைய பெட்டியில் கோர்ட்டுக் காகிதம் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. தேதியையும் வழக்கு எண்ணையும் குறித்து வையுங்கள்; தேடலுக்கு அதுவே திறவுகோல்.