காயடிக்கும் பருவம்

சென்னையிலிருந்து தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ இரயிலேறும் நம்மவர், கூடூருக்கு முன்பாக நாயுடுபேட்டையைக் கடந்து செல்கின்றனர். சுவர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள இவ்வூர் நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022-இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. நெல்லூரின் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றவை அதன் காளைகளே. நாம் ஓங்கோல் என்றழைக்கும் இனத்தைப் பிரேசில் நாட்டார் இன்றும் நெலோரே என்றே வழங்குகின்றனர்.

இத்தகைய காளைக் கன்று ஒன்று தொழுவத்தில் வளரும்போது குடியானவர் முன் ஒரு கேள்வி நிற்கும். இதை எப்போது காயடிப்பது?

கேள்வி மிகப் பழையது. தில்லியில் வாழும் நேயர்கள் பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகத் தூணைக் கண்டிருக்கலாம். கி.மு. 243-ஆம் ஆண்டையொட்டிப் பொறிக்கப்பெற்ற அதன் ஐந்தாம் சாசனம், பக்ஷத்தின் எட்டாம் நாளிலும், பதினான்கு, பதினைந்தாம் நாட்களிலும், திருவிழா நாட்களிலும் காளைகளைக் காயடிக்கலாகாது என விதிக்கிறது. குதிரைக்கும் எருதுக்கும் சூடு போடுவதற்கும் அதில் விலக்கு நாட்கள் உண்டு. மன்னர் நாளைத்தான் வரையறுத்தார். கன்றின் வயதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

குதிரைக் குட்டியாயின் ஓரிரு வயதிலேயே முடித்துவிடுவது பொது வழக்கம். அதனிடம் முதன்மையாக வேண்டப்படுவது அடக்கம். ஏர்க்காளைக்கோ கழுத்தும் தோளும் திமிலும் வேண்டும். இளங்கன்றிலேயே காயடித்தால் கால்கள் நீண்டு வளருமேயன்றி, நுகம் தாங்கும் முன்னுடல் திரளாது. ஆகவே இரண்டு பல் போடும்வரை, சில இடங்களில் நான்கு பல் போடும்வரை, குடியானவர் காத்திருந்தனர். ஆயினும் மிகவும் தாமதித்தால் முரட்டுக்குணம் ஊறிவிடும். வேலி தாண்டும், துணைக்காளையை முட்டும், கலப்பைக்குப் பழகாது. வேதனையும் கூடும். பழைய முறை கொடியது. கன்றைக் கயிற்றால் வீழ்த்தி, விதை நரம்பை இரு கழிகளுக்கிடையே இறுக்கி நசுக்குவர். காயடித்தல் என்ற சொல்லிலேயே அந்த அடி இருக்கிறது! இத்தாலியக் கால்நடை மருத்துவர் பர்டிசோ அமைத்த இடுக்கி வந்தபின்னரே, தோலைக் கிழிக்காமல், இரத்தம் சிந்தாமல், சில விநாடிகளில் இது முடியலாயிற்று.

ஆனால் கன்றின் உடலை மட்டும் எண்ணிக் காத்திருந்ததில் ஒரு கேடு இருந்தது. ஏருக்காக விடப்பட்ட நோஞ்சான் கன்றும், காயடிக்கப்படுமுன் மந்தையிலுள்ள பசுக்களோடு சேர்ந்துவிடும். ஒரு வீட்டார் தம் எருதின் கழுத்துக்காகப் பொறுத்திருந்த ஓராண்டில், ஊர் மந்தையே தரம் குன்றக்கூடும். நெல்லூர்ச் சீமையில் இதற்கு மாற்றாக நல்ல வழக்கமொன்று இருந்தது. இறந்தோர் நினைவாகக் கோயிலுக்கு விடும் காளையைத் தேர்ந்தெடுத்து, உயர்ந்த கன்றையே பொலிகாளையாக ஊரார் உலவவிட்டனர். அவ்வினத்தின் பெருமைக்கு இவ்வழக்கமே பெருங்காரணம் என்பது நம் கருத்து. அது தளர்ந்த இடங்களில் சட்டம் நுழைந்தது. சென்னை மாகாணத்துக் கால்நடை அபிவிருத்திச் சட்டம் 1940-இல் இயற்றப்பட்டது. குறித்த வயதெய்திய காளையை வைத்திருக்க உரிமம் வேண்டும். இல்லையேல் காயடித்தாக வேண்டும். எருதின் கழுத்தா, மந்தையின் வித்தா என்ற வழக்கில் அரசு மந்தையின் பக்கம் நின்றது. அதை நாம் குறை கூற இயலாது. எனினும் அந்த எருதை நம்பி உழுதவருக்கு அது எளிதாயிருந்திராது.

டிராக்டர் வந்தபின் கழுத்தைப் பற்றிய கவலை பெரிதும் நீங்கியது. இன்று காளைக் கன்றே பிறவாதிருக்க, பாலினம் பிரித்த விந்தை அரசே மானிய விலையில் அளிக்கிறது. நெல்லூர் மாவட்டத்துச் சிந்தலதேவியில் உள்ள தேசியக் காமதேனு இனவிருத்தி மையம் நாட்டினங்களைப் பேணி வருகிறது.

ஓங்கோலுக்கு அருகே கரவடி என்றோர் ஊர் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அவ்வூர்ப் பெயர் தாங்கிய ஓங்கோல் காளையொன்று பிரேசிலுக்குக் கப்பலேறிற்று. அந்நாட்டு நெலோரே மந்தைகளில் அதன் வழித்தோன்றல்கள் ஏராளம். இரண்டு பல் போட்ட வயதில் அதன் உடையவர் அதை ஏருக்கென ஒதுக்கவில்லை.